வீட்டைத் தாண்டியதும் தொலைந்த கதை

அனிமே பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்' முதல் பாகத்தை வாயாரப் புகழ்வார்கள். இரண்டாம் பாகம் என்றதும் முகம் சுளிப்பார்கள்.

2019-இல் 12 அங்கங்களாக வந்த முதல் பாகத்தில் இருப்பதெல்லாம் ஓர் அநாதை இல்லம், ஒரு மதில், பிள்ளைகள் 'அம்மா' என்றழைக்கும் இஸபெல்லா. அரக்கர்களுக்கு இரையாகவே தாங்கள் வளர்க்கப்படுவதை அறிந்த எம்மா, நார்மன், ரே மூவரும் அவள் கண்ணில் மண்ணைத் தூவித் தப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால், யார் யாரை நோட்டமிடுகிறார்கள் என்பதிலேயே நெஞ்சு படபடக்கும். அரக்கர்களைவிட அம்மாவின் சிரிப்புதான் அதிகம் பயமுறுத்தும்.

மூலமான மங்கா சித்திரக்கதைக்கு 181 அத்தியாயங்கள். முதல் பாகம் அதில் 37-ஐ மட்டும் எடுத்து நிதானமாகச் சொன்னது. 2021-இல் வந்த தொடர்ச்சியோ மீதியை 11 அங்கங்களில் அடைக்கப் பார்த்தது. ரசிகர்கள் காத்திருந்த 'கோல்டி பாண்ட்' பகுதியையே காணோம். நார்மனின் பழிவாங்கும் திட்டம் சூடேறும் முன்பே அடங்கியது. இறுதியில் எம்மாவின் நெடும்பயணம் அசையாத படங்களாக ஓடி மறைந்தது.

கதை வெளியுலகுக்குப் போனது குற்றமில்லை, மங்காவிலும் போகிறதே. நமக்குப் பயப்பட நேரம் தரவில்லை, அதுதான் குறை. முதல் பாகத்தில் எம்மாவின் கால் உடைந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் பாகத்தில் அரக்கர் உலகமே மாறியது. எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.