சுருட்டிக் கட்டிய வயர் சூடாகுமா?

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டிப் போட்டால் தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மைதானா என்று வணிக நண்பர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. உண்மைதான். பட்ட பிறகே நமக்கும் தெரிந்தது.

2023 கோடையில் பூந்தமல்லியில் உள்ள நமது கிடங்கில் மசாலா அரைக்கும் 2 எச்.பி. மிஷினுக்கு 20 மீட்டர் வயர் இழுத்திருந்தோம். தேவைப்பட்டதோ 4 மீட்டர். மீதியைக் கடைப் பையன் அழகாகச் சுருட்டி, சணலால் கட்டி, பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டான். மதியம் தீய்ந்த வாடை. பிடுங்கிப் பார்த்தால் சுருளின் நடுவில் வயர்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிடந்தன. எம்.சி.பி. விழவே இல்லை! ஏன் விழும்? அது 16 ஆம்பியருக்கானது. மிஷின் இழுத்தது சுமார் 10 ஆம்பியர்தான்.

கணக்கு எளிது. 0.75 சதுர மி.மீ. செம்பு வயர் 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர் கம்பி. அதன் தடை ஏறக்குறைய 1 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 10 x 10 x 1, அதாவது 100 வாட் வெப்பம். பழைய 100 வாட் குண்டு பல்பின் சூடு முழுவதும் வயருக்குள்ளேயே! நீட்டிப் போட்டால் மீட்டருக்கு 5 வாட்தான், காற்றோடு போய்விடும். சுருட்டினால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லை. ஈர மிளகாய் மூட்டைகளை நெருக்கி அடுக்கினால் நடு மூட்டை என்ன ஆகும் என்று நம் வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி. அம்பத்தூர், ஆவடி தகரக் கொட்டகைகளில் மே மாதம் 40 டிகிரி இருக்கும்போது மிச்சம் 30தான்.

சுருளில் காந்தம் உண்டாவதால்தான் சூடு என்று சில வயர்மேன்கள் சொல்வார்கள். அது சரியல்ல. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிராக ஓடுவதால் காந்தம் ஏறக்குறைய கழிந்துவிடும். தேங்கிய வெப்பம்தான் காரணம். பிரிட்டனில் விற்கும் வயர் டிரம்களில் பிரித்த நிலைக்கு ஓர் அளவு, சுற்றிய நிலைக்கு அதைவிட மிகக் குறைந்த அளவு என இரண்டு எழுதியிருக்கும்.

பில் மிஷின், எலக்ட்ரானிக் தராசு போன்றவற்றுக்குப் பயமில்லை. மின்சாரம் பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். மிஷின், அடுப்பு, ஹீட்டர் என்றால் வயரை முழுவதும் பிரித்து, மூட்டைக்கு அடியில் போகாமல் போடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 1.5 சதுர மி.மீ. வயர் வாங்கினால் சூடு பாதியாகும். நிரந்தர மிஷினுக்கு வயரே வேண்டாம். நாம் மிஷின் பக்கத்திலேயே 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைத்துவிட்டோம்.