இந்தக் கூண்டு வண்டி போடிமெட்டு ஏறுமா?

2025 மே மாதம் அப்பா போடியிலிருந்து இங்கே வட கரோலினாவுக்கு வந்து இறங்கினார். மறுநாள் காலை காபித் தம்ளரும் கையுமாக வீட்டு வாசலில் நான் வாங்கி நிறுத்தியிருந்த வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். குனிந்து அச்சைப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏப்பா, இது போடிமெட்டு ஏறுமா?”

போடிமெட்டு தெரியாத சங்க அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தலில் மலை ஏறத் தொடங்கினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில், ஏறக்குறைய 4,500 அடி உயரத்தில், தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. அந்த எல்லை ஊர்தான் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, மூணாறு. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பா அந்தச் சாலையில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அரிசியும் மளிகையும் மேலே போகும், ஏலக்காய் மூட்டை கீழே வரும். உலகத்தில் எந்த வண்டியைக் கண்டாலும் அவருக்கு அந்த மலைதான் அளவுகோல்.

நான் வாங்கியிருந்தது சரக்கு ஏற்றும் மூடிய டிரெய்லர். ஏழடி அகலம், பதினான்கடி நீளம், இரட்டை அச்சு, சரக்கோடு சேர்த்து 7,000 பவுண்டு வரை தாங்கும். தோட்ட வேலைக்காரர்களும் தச்சர்களும் பிக்கப் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போவார்களே, அதேதான். நாங்கள் குடும்பத்தில் நாலு பேர், அப்பா வந்தால் ஐந்து. ஒவ்வொரு விடுமுறைக்கும் இரண்டு மோட்டல் அறை எடுத்துக் கட்டுப்படியாகவில்லை. கடையில் விற்கும் கேம்பர்களின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். ஓராள் வைத்திருந்த பழைய டிரெய்லர் 5,200 டாலருக்குக் கிடைத்தது. மேற்கொண்டு நாலாயிரம் செலவு, ஐந்து மாதச் சனி ஞாயிறுகள், மனைவியின் பொறுமை. எல்லாம் சேர்ந்து அது எங்கள் குடும்ப வண்டி ஆயிற்று.

உள்ளே என்ன செய்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரிலும் கூரையிலும் ஒன்றரை அங்குல நுரைப்பலகை, அதன் மேல் மெல்லிய ப்ளைவுட். கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை போட்டு ஒரு மின்விசிறி. இரண்டு ஜன்னல்கள். டிரெய்லரின் சுவருக்குள் இரும்புக் கால்கள் ஒன்றரை அல்லது இரண்டடிக்கு ஒன்றாக நிற்கும். ஜன்னலை இரண்டு காலுக்கு இடையில் வைக்க வேண்டும். காலை அறுத்தால் பெட்டி பலம் இழந்துவிடும். குழந்தைகளுக்கு அடுக்குக் கட்டில், பெரியவர்களுக்குப் பகலில் மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் பலகை. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று, அதாவது 1,280 வாட்-அவர். விளக்குக்கும் விசிறிக்கும் சின்ன ஃபிரிட்ஜுக்கும் ஓர் இரவும் பகலும் தாராளமாகப் போதும். பின்கதவைத் திறந்தால் சமையல் மேடை. அடுப்பை வெளியே எடுத்து வைத்துத்தான் சமையல். அடுப்பு வெளியில் என்பது மனைவியின் நிபந்தனை. “உள்ள தாளிச்சா பத்து வருஷத்துக்குப் பெருங்காய வாசம் போகாது” என்றாள். பிற்பாடு அதற்கு வேறொரு நியாயமும் கிடைத்தது.

முதல் பயணம் ஆஷ்வில் பக்கத்து மலைகளுக்கு. மூன்று நாள் இருந்தோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது ஐ-40 சாலையில் ஓல்ட் ஃபோர்ட் மலை இறக்கம். பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்று ஓரத்தில் சரளை மேடுகள் கட்டிவைத்திருக்கும் இடம், ஆறு சதவிகிதச் சரிவு. பக்கத்தில் ஒரு பெரிய டிரக் கடந்து போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாக ஆடியது. அடங்கவில்லை. வாலை இடமும் வலமும் வீசத் தொடங்கியது, வீச்சு ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிது. பிக்கப்பின் பின்புறத்தையே அது இழுத்தது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று.

“பிரேக்கத் தொடாத! ஆக்ஸிலேட்டர விட்டு எடு, ஸ்டீயரிங்க நேரா பிடி!” அப்பாவின் குரல் அப்படி நான் கேட்டதில்லை. டிரெய்லருக்கு மட்டும் பிரேக் போடும் சின்ன நெம்புகோல் டாஷ்போர்டில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை மெல்ல அழுத்தினேன். வண்டி நீண்டு நேரானது. பின் சீட்டில் குழந்தைகள் இருவரும் மூச்சுக் காட்டவில்லை.

கீழே நிறுத்தியதும் அப்பா ஒன்றும் திட்டவில்லை. “போறப்ப நல்லாத்தானே வந்துச்சு. இப்ப என்ன மாறிச்சு?” என்று மட்டும் கேட்டார். மாறியது தண்ணீர். நல்ல தண்ணீர்த் தொட்டி முன்னால், பாத்திரம் கழுவிய அழுக்குத் தண்ணீர்த் தொட்டி பின்னால் சமையல் மேடைக்கு அடியில். ஒரு காலன் தண்ணீர் எட்டேகால் பவுண்டுக்கு மேல். மூன்று நாளில் இருபத்தைந்து காலன், அதாவது 200 பவுண்டுக்கு மேற்பட்ட எடை, முன்னாலிருந்து வாலுக்குப் போய்விட்டது. கொட்டிவிட்டுக் கிளம்பாதது என் சோம்பல்.

“பின்பாரம்ப்பா. மாட்டு வண்டி பார்த்ததில்லயா நீ?”

யோசித்துப் பார்த்தால் இந்த டிரெய்லர் நம் மாட்டு வண்டியேதான். அச்சு நடுவில், முன்னால் நீளும் ஏர்க்கால், அது போய் உட்காரும் நுகத்தடி. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டின் குரல்வளையை இறுக்கும். ஆகவே பாரம் ஏற்றத் தெரிந்தவர்கள் கொஞ்சம் முன்பாரமாகவே ஏற்றுவார்கள். இங்கே பொறியாளர்கள் சொல்வதும் அதுவே, எண்ணில் சொல்கிறார்கள்: டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் வால் ஆடும். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் எடை மேடை உண்டு. மறுநாளே அழுக்குத் தொட்டியைக் காலி செய்யாமல் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன். மொத்தம் 4,300 பவுண்டு, கொக்கியில் 290 மட்டும். ஏழு சதவிகிதம்கூட இல்லை. பிறகு அழுக்குத் தொட்டியை அச்சுக்கு முன்னால் மாற்றினேன், பேட்டரியை மூக்குப் பக்கம் கொண்டுபோனேன். இப்போது 530. இந்த வேலையில் இறங்கும் நண்பர்கள் திரைச்சீலைக்குத் துணி எடுப்பதற்கு முன் எடை மேடைக்குப் போய்வாருங்கள்.

அதே பயணத்தின் இரண்டாம் இரவில் இன்னொன்றும் நடந்தது. காலையில் எழுந்தால் சுவரெல்லாம் வியர்த்து, குழந்தைகளின் தலையணை ஓரம் ஈரம். மழை இல்லை. கூரை ஒழுகவில்லை. ஐந்து பேர் இரவு முழுக்க விட்ட மூச்சு, ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீராவது இருக்கும், குளிர்ந்த தகட்டில் படிந்துவிட்டது. குளிருக்குப் பயந்து ஜன்னல்களையும் கூரை விசிறியையும் இறுக மூடியிருந்தேன். இதற்கும் அப்பாவிடம் உவமை இருந்தது, ஏலக்காய் ஸ்டோர். பறித்த பச்சைக் காயை ஸ்டோரில் காயவைத்தால் ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோதான் மிஞ்சும், மீதி முழுவதும் ஆவி. அந்த ஆவி வெளியேற மேல் ஜன்னலைத் திறக்காவிட்டால் காய் வெந்து நிறம் கெட்டுவிடும். “சூடும் வேணும், மேல வாசலும் வேணும்” என்றார். இப்போது எந்தக் குளிரிலும் கூரை விசிறி ஓரங்குலமும், எதிர்ப்புற ஜன்னல் ஓரங்குலமும் திறந்தே இருக்கும்.

காற்றைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நான் ஒரு சிறிய கேஸ் ஹீட்டரும் வாங்கி வைத்திருந்தேன், உள்ளே மாட்டுவதற்காக. அப்பா அதைக் கண்டதும் முகம் மாறினார். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு காரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசி ஓடுவதற்காக வைத்திருந்த ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே முடிந்துவிடும். போடிமெட்டுக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் கதையெல்லாம் அப்பா அறிவார். ஹீட்டர் கராஜுக்குப் போயிற்று. கம்பளியும், மின்சாரம் உள்ள முகாம்களில் சிறிய மின் ஹீட்டரும் போதும். கட்டில் உயரத்தில் ஒரு மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. பின்கதவு அடைத்துக்கொண்டால் வெளியே குதிக்கப் பெரிய ஜன்னல் ஒன்று, அதை எட்டு வயதுப் பெண்ணே திறந்து காட்ட வேண்டும். காட்டினாள்.

சரி, போடிமெட்டு ஏறுமா?

ஊர் திரும்பியதும் அப்பா இதற்கென்றே ஒருநாள் ஜீப்பில் மேலே போய்வந்து போன் செய்தார். “ஏறும்ப்பா. இழுக்கிற வண்டிக்குத் தெம்பு இருக்கு. ஆனா வளைவுல எதுக்க பஸ் வந்தா நீ பின்னால எடுக்க மாட்ட.” சரியான தீர்ப்பு. என் பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்தால் 37 அடி, ஒரு பேருந்தின் நீளம். ஆனால் பேருந்து நடுவில் மடங்காது. டிரெய்லரின் சக்கரம் வளைவில் உள்பக்கமாக வெட்டிப் போகும், பின்னால் எடுத்தால் கத்திபோல் மடியும். இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது அந்தச் சாலையின் பழைய விதி. அதை இங்கேயும் கடைப்பிடிக்கிறேன்.

ஊரில் இதைச் செய்ய நினைக்கும் உறவினர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனுக்கும் டிரெய்லருக்கும் இந்திய வாகன வகைப்பாட்டில் இடம் உண்டு. ஆனால் நாமே வெட்டி ஒட்டுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2021-இல் கண்ணூரில் இரண்டு சகோதரர்கள் வேனைப் பயண வீடாக மாற்றி வைத்திருந்ததை மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்தது பெரிய செய்தியாயிற்று. காரவன்களுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தரவிதி இருக்கிறது, அதன்படி சான்று பெற்ற வண்டியாக இருக்க வேண்டும். அதே 2021-இல் கேரள அரசு ‘காரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்து, 2022-இல் இடுக்கி மாவட்டத்து வாகமணில் காரவன் பூங்கா திறந்தது. அது வசதியுள்ளவர்களுக்கான சுற்றுலா. எனக்குப் பிடித்தது வேறொன்று. 2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மூணாறு பணிமனையில் ஓய்வுபெற்ற பேருந்துகளுக்குள் அடுக்குக் கட்டில் போட்டு, ஓர் இரவுக்கு ஒரு படுக்கை நூறு ரூபாய் என்று விட்டது. ஓடாத வண்டி என்பதால் பின்பாரத் தொல்லை கிடையாது என்று அப்பா சிரித்தார்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, அரிசி பருப்போடு குடும்பமே போய், வண்டிக்கடியில் படுத்து எழுந்து வந்த தலைமுறை அவருடைய தாத்தாவுடையது. எங்கள் டிரெய்லருக்கு அவர் வைத்த பெயரும் கூண்டு வண்டிதான். மகன் அதைத் தமிழில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறான், மூன்று சுழி ‘ண’வுக்கு இரண்டு சுழிதான் போட்டிருக்கிறான், திருத்த மனம் வரவில்லை.

நம் சங்கப் பிக்னிக்குக்கு இந்த முறை அதைக் கொண்டுவருகிறேன். செய்ய விரும்புவோர் அளவுநாடாவோடு வரலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் என்ன சொன்னேன், வண்டியின் பதிவில் என்ன இருக்கிறது என்பதையும் காட்டுகிறேன். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடட்டும். நிறுத்தியிருக்கும்போது மட்டும். ஓடும் டிரெய்லருக்குள் ஒரு ரவுண்டு கூட்டிப் போகச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்.