எதிர்க்கரையிலிருந்து வந்தவர்கள் எந்த இனம் ஆனார்கள்?

இலங்கையின் மேற்குக் கரையில், சிலாபத்துக்கு வடக்கே உடப்பில் பேச்சு தமிழ். தெற்கே நீர்கொழும்பை நோக்கிய மீனவ ஊர்கள் பலவற்றில் இன்று சிங்களம். இரண்டு இடத்திலும் பலருடைய முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியேறி வந்தவர்கள். ஆனால் குடிசனமதிப்பில் ஒரு சாரார் தமிழர், மறு சாரார் சிங்களவர்.

காரணம் கோயிலிலும் பள்ளியிலும் இருக்கிறது. இராமநாதபுரக் கரையைப் பூர்வீகமாகச் சொல்லும் உடப்பு மக்கள் இந்துக்கள். திரௌபதை அம்மன் கோயிலும் ஆண்டுதோறும் நடக்கும் தீமிதிப்பும் ஊரைத் தமிழில் கட்டிவைத்தன. தெற்கே பெரும்பாலானோர் கத்தோலிக்கர். அவர்களுடைய பாடசாலைகள் திருச்சபையின் கையில் இருந்தன. எட்மண்ட் பீரிஸ் 1940 முதல் 1972 வரை சிலாபம் ஆயராக இருந்தார். அவர் காலத்தில் அப்பாடசாலைகளில் தமிழின் இடத்தைச் சிங்களம் பிடித்தது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அரச வேலைக்கும் அதுவே வழி. பெற்றோரும் பிள்ளைகளை அப்படியே சேர்த்தார்கள். தமிழ் மூத்தோரின் பேச்சாகவும் சில மீனவர் குடும்பங்களின் வீட்டுமொழியாகவும் சுருங்கியது.

புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். மூதாதையர் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் ‘மஞ்சா’ எனப்படும் அவர்களுடைய பாட்டுகளில் தங்கியிருக்கிறது. அன்றாடப் பேச்சு சிங்களம்.

அதற்காக, ஓர் ஊரோடு ஒன்றிப்போக மொழி ஒன்றாயிருந்தால் போதும் என்று எண்ணிவிட முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்கள் பேசியதும் தமிழே. பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சம் புகுந்தார்கள். அங்கே அயலாரின் மொழியும் ஒன்று, மதமும் ஒன்று. அப்படியிருந்தும் காணி, தண்ணீர், பாடசாலை இடம் என்று வந்தபோது பல வருடங்கள் ‘அகதி’ என்ற பெயரே நின்றது.

மொழி ஒருவரை ஓர் இனத்துக்குள் சேர்க்கலாம். ஊருக்குள் சேர்க்க அயலாரும் அரசும் மனம்வைக்க வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதற்குள் சிலாபக் கரையில் ஒரு தலைமுறை சிங்களத்தில் படித்து முடித்திருந்தது.