பதினோரு பேரும் ஒரு கிடார்காரரும்

ஒரு தடவை சொதப்பினா தற்செயல்னு விட்டுடலாம். ரெண்டாவது தடவையும் சொதப்பினா நம்ம ராசி அப்படின்னு சொல்லிக்கலாம். ஒரே கடை, ஒரே கும்பல், மூணாவது தடவையும் அதே சொதப்பல்னா, அதுக்கு ஏதோ காரணம் இருக்கணும் இல்லையா? ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு வாரத்துல அந்தக் காரணத்தைத் தேடிப் பார்த்தேன். கிடைச்சதை இங்கே கொட்டுறேன் மக்களே.

ரெக்ஸ்டேல்ல எங்க வீட்டுப் பசங்க, ஹம்பர்ல கூடப் படிக்கிறவங்க, பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அண்ணா, எல்லாரும் சேர்ந்தா பத்துப் பதினோரு பேர் தேறும். எங்களுக்குப் பஸ்ஸுல போற தூரத்துல ஒரு ரெட்ரோ டைனர். பேர் வேணாம், விடுங்க. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, சிவப்பு ரெக்ஸின் இருக்கை, பளபளன்னு விளிம்பு வெச்ச மேசை, மூலையில ஜூக்பாக்ஸ், சுவர்ல எல்விஸும் மர்லின் மன்றோவும். வெள்ளி, சனி ராத்திரி நேரடி இசை. போட்டோவுல பார்த்தா உடனே கிளம்பிப் போய் உட்காரணும் போல இருக்கும்.

ஒரு பிறந்தநாள், ஒரு செமஸ்டர் முடிவு, ஒரு வழியனுப்பு விழா. மூணு தடவை கும்பலா போனோம். மூணு தடவையும் 'உர்'ருன்னு திரும்பி வந்தோம். இத்தனைக்கும் நானும் ரூம்மேட்டும் மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே கடைக்குப் போனப்ப சாப்பாடு அருமை, கவனிப்பு அதை விட அருமை. கடை மோசம்னு சொல்லி முடிச்சுட முடியலை. அதான் குடைச்சல்.

டைனர் யாருக்காகப் பிறந்தது?

1872-ல அமெரிக்காவோட பிராவிடென்ஸ் நகரத்துல வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில சாண்ட்விச், பை, காபி விக்க ஆரம்பிச்சார். வாடிக்கையாளர்கள் யாருன்னா, பத்திரிகை ஆபீஸ்ல ராத்திரி வேலை பார்க்கிறவங்க. மத்த ஹோட்டல் எல்லாம் சாத்தின பிறகு பசிக்கிறவங்க. அப்புறம் வண்டிக்குள்ளேயே உட்கார இடம் வந்துச்சு, வண்டி பெருசாச்சு, கடைசியில ரயிலோட சாப்பாட்டுப் பெட்டி மாதிரி தொழிற்சாலையிலேயே செஞ்சு, கொண்டு வந்து இறக்கி வைக்கிற கடையாச்சு. டைனர்ங்கிற பேரே அந்த ரயில் பெட்டியில இருந்து வந்ததுதான்.

அந்த அமைப்பை யோசிச்சுப் பாருங்க. நீளமா ஒரு கவுண்டர், அதுக்கு முன்னாடி தரையோட திருகி வெச்ச ஸ்டூல்கள், பின்னாடி ஒரு சூடான இரும்புக் கல், கல்லுக்கு முன்னாடி ஒரு மாஸ்டர். வந்தோமா, சாப்பிட்டோமா, போனோமான்னு இருக்கிற ஆளுக்கான கணக்கு. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் ராத்திரிப் பரோட்டாக் கடைக்கு ஒண்ணு விட்ட அண்ணன்னு வெச்சுக்கலாம். அங்கே பதினோரு பேர் திமுதிமுன்னு போய் 'எல்லாருக்கும் ஒண்ணா வைங்க மாஸ்டர்'னு சொன்னா என்ன ஆகும்? அதுதான் எங்களுக்கும் ஆச்சு.

நாலு நாலா பிரிச்சுட்டாங்க

டைனர்ல பூத்னு சொல்ற எதிரெதிர் சோபா இருக்கே, அது நாலு பேருக்கு. நெருக்கிப் பிடிச்சா ஆறு. தரையோட அடிச்சு வெச்சிருப்பாங்க, மேசையை நகர்த்திச் சேர்க்க முடியாது. பிறந்தநாள் அன்னைக்கு எங்களை நாலு, நாலு, மூணுன்னு மூணு பூத்ல பிரிச்சு உட்கார வெச்சாங்க. பிறந்தநாள்காரன் நடு பூத். கேக் வெட்டுறப்ப மத்த ரெண்டு பூத்காரங்களும் சோபா மேல முட்டி போட்டு எட்டிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை மதில் சுவர் வழியா பார்த்த மாதிரி.

கல்லுல இடம் இல்லை

செமஸ்டர் முடிஞ்ச சனிக்கிழமை சாப்பாட்டுப் பிரச்சினை. கல்லுல ஒரே நேரத்துல எவ்வளவு வேகுமோ அவ்வளவுதான் வேகும். எங்க பதினோரு ஆர்டர் மட்டும் இல்லை, மத்த மேசைகளும் வரிசையில இருக்கு. முதல் தட்டு வந்ததுக்கும் கடைசித் தட்டு வந்ததுக்கும் நடுவுல முப்பத்தஞ்சு நிமிஷம். முதல்ல வாங்கினவன் மரியாதைக்குக் காத்திருந்து ஆறிப்போன ஃப்ரைஸ் தின்னான். கடைசியில வாங்கினவன் எல்லாரும் வேடிக்கை பார்க்கத் தனியா தின்னான்.

இதுல எங்க கும்பல்ல ரெண்டு சைவம், ஒருத்தர் மாட்டுக்கறி சாப்பிட மாட்டார், ஒருத்தர் ஹலால் மட்டும். சைவ பர்கர் இருக்குன்னு மெனுவுல போட்டிருக்கு. ஆனா அது வேகுறது அதே கல்லுல, உருளைக்கிழங்கு பொரியறது கோழி பொரிச்ச அதே எண்ணெய்ல. கேட்டதுக்கு அந்தப் பரிமாறுற பொண்ணு மறைக்காம உண்மையைச் சொல்லுச்சு. பாராட்டணும். ரெண்டு பேரும் மில்க்‌ஷேக் குடிச்சுட்டு வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டாங்க.

இந்த இடத்துல நம்ம ஊர்ப் பந்தியை நினைக்காம இருக்க முடியலை. நூறு பேர் உட்கார்ந்தாலும் எல்லா இலையிலயும் உப்பும் ஊறுகாயும் சேர்ந்து விழும், சாம்பார் வாளி வரிசையா வரும், எல்லாரும் சேர்ந்து எந்திரிப்பாங்க. கும்பலுக்குன்னே உண்டான ஏற்பாடு அது. டைனர் ஒத்தை ஆளுக்கான ஏற்பாடு. ரெண்டுமே நல்ல ஏற்பாடுதான், ஆள் மாறிப் போச்சு.

பாட்டும் பேச்சும்

பழைய டைனர்ல பாட்டுன்னா ஜூக்பாக்ஸ். காசு போட்டா பாடுற பெட்டியை 1889-லயே சான்ஃபிரான்சிஸ்கோவுல லூயி கிளாஸ் என்பவர் ஒரு மதுக்கடையில வெச்சுட்டார். டைனர் காலத்து ஜூக்பாக்ஸ்ல ஒரு பாட்டு மூணு நிமிஷம் சொச்சம் ஓடும். முடிஞ்சா அடுத்த ஆள் காசு போடுற வரைக்கும் அமைதி. என்ன பாட்டுன்னு சாப்பிட வந்தவனே முடிவு பண்ணலாம்.

நேரடி இசை அப்படி இல்லை. கிடார்காரர் ஆரம்பிச்சா முக்கால் மணி நேரம் நிறுத்த மாட்டார். கடை முழுக்க எஃகு, கண்ணாடி, ஓடு பதிச்ச தரை. திரைச்சீலையோ கம்பளமோ கிடையாது, சத்தத்தை உறிஞ்ச எதுவும் இல்லை. எல்லாம் திருப்பி அடிக்குது. பின்னணிச் சத்தம் கூடினா மனுஷன் தன்னை அறியாமலேயே குரலை உசத்துவான்னு எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911-லயே சொல்லி வெச்சிருக்கார். நாங்க கத்துறோம், பக்கத்து மேசை எங்களை மீறிக் கத்துது, கிடார்காரர் ஸ்பீக்கரைத் தூக்கி வைக்கிறார், நாங்க இன்னும் கத்துறோம். இப்படியே போனா எங்கே போய் முடியும்?

எங்க மதுரைக்காரன் ஊர்ல மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிச்சவன். அவன்தான் ஒண்ணு சொன்னான்: "மாப்ள, நாம பேசுறது அவருக்குத் தொந்தரவு, அவர் பாடுறது நமக்குத் தொந்தரவு. பாவம்டா, அந்த மனுஷன் நாலு பாட்டு முடிச்சும் ஒருத்தன் கை தட்டலை." உண்மைதான். கல்யாண ரிசப்ஷன்ல மெல்லிசைக் கச்சேரி பக்கத்துல உட்கார்ந்து சொந்தக்காரங்ககிட்ட சைகையில குசலம் விசாரிச்ச அனுபவம் நம்ம எல்லாருக்கும் உண்டு. ஆனா அங்கே சாப்பாட்டுக் கூடம் பெரும்பாலும் தனியா இருக்கும். அது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம்னு ரெக்ஸ்டேல் வந்துதான் புரிஞ்சது.

வழியனுப்பு

மூணாவது தடவைதான் மனசுல தைச்சது. எங்க திருச்சிக்காரர் படிப்பு முடிச்சு, வேலையும் கிடைச்சு, எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்குத் திரும்பினார். அப்பாவுக்கு உடம்பு முடியலை, வீட்டுக்கு ஒரே பிள்ளை. கிளம்ப நாலு நாள் இருக்கிறப்ப சனிக்கிழமை எல்லாரும் கூடினோம். மனுஷன் அதிகம் பேச மாட்டார். அன்னைக்கு ஒரு காகிதத்துல ஏதோ எழுதிக் கொண்டு வந்திருந்தார்.

சாப்பாடு வந்ததும் எழுந்து நின்னார். சரியா அப்பதான் ரெண்டாவது செட் ஆரம்பிச்சது. அவர் வாய் அசையுது. முன்னாடி பூத்ல இருந்த ரெண்டு பேர் தலையாட்டினாங்க, அதைப் பார்த்து நாங்களும் தலையாட்டினோம். யாழ்ப்பாணத்து அண்ணா என் காதுக்குள்ள, "தம்பி, அவன் என்ன சொல்லுறான்? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார். எனக்கும் விளங்கலை அண்ணா. பாதியில காகிதத்தை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டு உட்கார்ந்துட்டார். ஒன்றரை மணி நேரம் ஆயிடுச்சு, அடுத்த பார்ட்டி காத்திருக்காங்கன்னு பில்லும் வந்துடுச்சு.

ஃபிஞ்ச் வெஸ்ட் ரயில் ஸ்டாப்ல குளிர்ல நிக்கிறப்ப, அதைப் படிங்கன்னு கேட்டோம். "வேணாம்பா, போட்டோ எடுத்து அனுப்பிடறேன்"னார். அனுப்பினார். வந்த புதுசுல வாடகை குடுக்க முடியாத மூணு மாசம் ஹால்ல படுக்க இடம் குடுத்தது, வேலை இல்லாத குளிர்காலத்துல யார் யார் எவ்வளவு காசு குடுத்தாங்கன்னு பேர் பேரா எழுதியிருந்தார். அதைப் பதினோரு பேரும் தனித்தனியா, அவங்கவங்க போன்ல படிச்சோம். சேர்ந்து கேட்டிருக்க வேண்டியது.

பில் புராணம்

கொஞ்சம் காசு கணக்கும் பார்த்துடுவோம். 20 டாலருக்கு ஒரு சாப்பாடுன்னு வைங்க. ஒன்டாரியோ வரி 13 சதவீதம், 2.60. ஆக 22.60. கும்பலா போனா பல கடைகள்ல 18 சதவீதம் டிப்ஸைத் தானாவே சேர்த்துடுவாங்க. வரிக்கு முந்தின தொகையில போட்டா 3.60, வரி சேர்த்த தொகையில போட்டா 4.07. பின்னதுன்னா மொத்தம் 26.67. 2025 அக்டோபர்ல இருந்து இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல உழைச்ச காசு, பிடித்தம் எல்லாம் தனி. படிப்பு நடக்கிறப்ப எங்களை மாதிரி வெளிநாட்டு மாணவர்கள் வெளியில வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. டிப்ஸ் ஏற்கெனவே பில்லுல சேர்ந்திருந்தாலும் கார்டு மெஷின் மறுபடி டிப்ஸ் கேட்கும். எங்க கும்பல்ல நாலு பேர் ரெண்டு தடவை குடுத்தாங்க. டிப்ஸ் குடுக்கிறதுல எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பொண்ணும் யாரோ ஒரு ஸ்டூடண்ட்தான். 2016 ஜூன்ல இருந்து டிப்ஸை முதலாளி எடுத்துக்கக் கூடாதுன்னு ஒன்டாரியோவுல சட்டமும் இருக்கு. ஆனா தெரிஞ்சு குடுக்கிறது வேற, தெரியாம போறது வேற.

யாரோட ஏக்கம்?

ரெட்ரோ டைனர்ங்கிறதே ஒரு ஏக்கத்தோட செட்டுதான். அமெரிக்காவுல 1973-ல 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படம், 1974-ல 'ஹேப்பி டேஸ்' தொடர், இதெல்லாம் ஐம்பதுகளை நினைச்சு ஏங்க வெச்சது. 1986-ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஜானி ராக்கெட்ஸ் அந்த ஏக்கத்தையே கடையாக்குச்சு. வேடிக்கை என்னன்னா, ரெக்ஸ்டேலும் அதே ஐம்பதுகள்ல முளைச்ச ஊர்தான். ரெக்ஸ் ஹெஸ்லொப் என்ற கட்டடக்காரர் வயக்காட்டுல வீடுகளைக் கட்டினார், அவர் பேர்லயே ஊர். எல்விஸ் கூட 1957-ல டொராண்டோ வந்து பாடிட்டுப் போயிருக்கார். இன்னைக்கு ரெக்ஸ்டேல் தெருவுல பஞ்சாபி, சோமாலி, குஜராத்தி, ஜமைக்கா ஆளுங்க, நாம. சுவர்ல தொங்குற அந்தக் காலம் எங்க கும்பல்ல ஒருத்தனோட தாத்தாவுக்கும் சொந்தம் இல்லை.

நம்ம ரெட்ரோ எதுன்னா, சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மாதிரி ஒரு இடம். 1962-ல ஆரம்பிச்சு, 2008-ல மூடினாங்க. அந்த இடத்துல இப்ப செம்மொழிப் பூங்கா. அதை நினைச்சு உருகுற பெரியவங்க யாரும் மேசை நாற்காலியைப் பத்திச் சொல்றதில்லை. ஒரு காபியை வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா பேசினோம், யாரும் எந்திரிக்கச் சொல்லலைன்னுதான் சொல்றாங்க.

கும்பலா போறவங்களுக்கு நாலு வார்த்தை

1. நாலு பேருக்கு மேலன்னா போன் பண்ணி, மேசையைச் சேர்த்துப் போட முடியுமான்னு கேளுங்க. பூத் மட்டும்தான்னா வேற கடை பாருங்க.

2. இசை எத்தனை மணிக்குன்னு கேளுங்க. பேசணும்னா அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போங்க. பாட்டு கேட்கணும்னா பேச்சை வீட்டுலயே முடிச்சுட்டு, கச்சேரி கேட்கிற மாதிரி போங்க. அந்தக் கிடார்காரருக்குக் கை தட்டுங்க.

3. பில்லுல டிப்ஸ் சேர்ந்திருக்கான்னு பார்த்துட்டு மெஷினைத் தொடுங்க.

4. எல்லாரும் சேர்ந்து தின்னணும்னா, சோமாலிக் கடைக்குப் போங்க. பெரிய தாம்பாளத்துல சோறு, கறி, பக்கத்துல வாழைப்பழம். எல்லாருக்கும் ஒரே நேரத்துல வரும், சுத்தி உட்காரலாம்.

5. யாரையாவது வழியனுப்புறதா இருந்தா, தயவு செஞ்சு வீட்டுலயே சமைங்க. சாம்பார் தீய்ஞ்சாலும் பரவாயில்லை.

டிஸ்கி: டைனரைத் திட்டினதா யாரும் நினைச்சுக்காதீங்க. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியான மில்க்‌ஷேக்குக்காக நான் மறுபடியும் போவேன். ரெண்டே பேரா :))