கார் இருக்கைத் தோலை மாற்றுமுன் பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள்

சென்ற பள்ளி விடுமுறையில் என் மைத்துனர் தம் காரின் முன் இருக்கைகளுக்குத் தோல் உறை போடப் புறப்பட்டார். புதிதாகத் தைக்கக் கொடுத்தால் செலவு கூடும். ஆகவே ஹாஃப்கட் கடை ஒன்றில் அதே மாடல் காரின் தோல் இருக்கைகளைத் தேடிப் பிடித்து, உறைகளை மட்டும் கழற்றி வாங்கி வந்துவிட்டார். அந்தக் கார் இவருடையதைவிடச் சில ஆண்டுகள் முந்தியது. ஆனாலும் வடிவம் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான்.

வழக்கமாகப் போகும் குஷன் கடைக்கு நானும் துணைக்குப் போனேன். கடைக்காரர் ஓட்டுநர் இருக்கையின் துணி உறையைக் கழற்றினார். அதையும் வாங்கி வந்த தோல் உறையையும் உட்புறம் தெரியும்படி புரட்டித் தரையில் விரித்தார். துணி உறையில், முதுகுச் சாய்வின் கதவுப் பக்க ஓரத்தில், கெட்டியான வெள்ளைத் துணிப்பட்டை ஒன்று தைக்கப்பட்டிருந்தது. தோல் உறையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

“தம்பி, இது ஏர்பேக் இல்லாத காடியோட உறை. உங்க சீட்ல ஏர்பேக் இருக்கு. இதை நான் போட மாட்டேன்,” என்றார். வரும் வருமானத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதருக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம்.

முன் இருக்கையைப் பிரித்தால் மூன்று அடுக்குகள் கிடைக்கும். அடியில் எஃகுச் சட்டம். அதன்மேல் அச்சில் வார்த்த பாலியூரித்தேன் நுரை. இந்த வேதிப்பொருள் குடும்பத்தை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவரும் அவர் குழுவினரும் உருவாக்கினர். ஐசோசயனேட் என்ற பொருள் நீரோடு வினைபுரியும்போது கார்பன் டை ஆக்சைடு எனும் கரிவளி வெளிப்பட்டு, கலவையைப் பொங்கச் செய்கிறது. ஆப்ப மாவைப் புளித்துப் பொங்க வைப்பதும் அதே வளிதான். நுரைக்கு மேலே உறை.

இருக்கையின் மேல் ஓடும் பள்ளமான கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். இழுத்துக் கட்டிய உறை கூடாரத்துணிபோல் விறைத்து நிற்க வேண்டியது. அது எப்படி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கிறது? அங்கே உறையின் அடியில் ஒரு துணிக்குழலும் அதனுள் ஒரு கம்பியும் இருக்கும். நுரைக்குள்ளும் ஒரு கம்பி புதைந்திருக்கும். இரண்டையும் சிறு எஃகு வளையங்கள் கவ்விப் பிடிக்கின்றன. இவற்றை ‘ஹாக் ரிங்’ என்பார்கள். சில கார்களில் இதே வேலையைப் பிளாஸ்டிக் கொக்கியோ வெல்க்ரோ பட்டையோ செய்யும். உறையைக் கழற்றும்போது வளையங்களை ஒவ்வொன்றாகக் கட்டரால் வெட்ட வேண்டும். பொறுமையின்றி இழுத்தால் நுரை பிய்ந்துகொண்டு வரும். ஆண்டுக்கணக்கில் நம் எடையைத் தாங்கும் நுரை, ஓரத்தில் ஓர் இழுப்பைத் தாங்காது.

இனி அந்த வெள்ளைப் பட்டைக்கு வருவோம். முன்புற ஏர்பேக் ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் இருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் இருக்கையின் முதுகுச் சாய்வுக்குள், கதவுப் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். வோல்வோ நிறுவனம் 1994இல் இதை அறிமுகப்படுத்தியது. இருக்கையை முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் பை நம்மோடு கூடவே நகரும் என்பது இந்த அமைப்பின் நன்மை. ஆனால் அது விரிய வேண்டுமானால் உறையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

எவ்வளவு வேகமாக? முன்னால் மோதினால் நமக்கும் மோதிய பொருளுக்கும் நடுவே பொனட், எஞ்சின் என்று நசுங்குவதற்கு நிறைய இடம் இருக்கிறது. பக்கவாட்டில் கதவின் தடிப்பும் அதற்கப்பால் ஒரு சாண் இடைவெளியும்தான். கதவு விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே தள்ளப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மில்லி விநாடிக்கு 10 மில்லிமீட்டர். பை 10 மில்லி விநாடி தாமதித்தால் கதவு 10 சென்டிமீட்டர் நெருங்கிவிடும். நாம் ஒருமுறை கண் இமைக்க 100 மில்லி விநாடியாவது ஆகும். பக்கவாட்டுப் பையோ ஏறக்குறைய 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் விரிந்து நிற்க வேண்டும்.

ஆகவே, கிழிவதற்கென்றே ஒரு தையல் அங்கே வைக்கப்படுகிறது. மற்ற தையல்களைவிட மெல்லிய நூல், கணக்கிட்ட இடைவெளியில் ஓட்டைகள். மசாலா பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்குமே, அதுபோலத்தான். விசை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்தால் கிழிசல் அங்கேயே தொடங்கி நேராக ஓடும். நாம் பார்த்த வெள்ளைப் பட்டையின் வேலை அந்த விசையைக் குவிப்பது. தோலும் துணியும் இழுத்தால் நீளும் தன்மை கொண்டவை. பை அடியில் ஊதும்போது அவை பலூன்போல உப்பிக்கொடுத்து நேரத்தை வீணாக்கும். பட்டை நீளாத துணியால் ஆனது. அது பையைச் சுற்றி நின்று, விசையை நேரே தையலிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பட்டையும் இல்லாமல், தையலும் சாதாரண நூலால் இருந்தால் பை தாமதமாகலாம், அல்லது வேறு வழியைத் தேடித் தவறான பக்கம் விரியலாம். தையல் கொஞ்சம் விட்டிருக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு தடித்த நூலால் இரட்டைத் தையல் போடுவதும் இதே ஆபத்துதான். இருக்கையின் மேல் மாட்டிவிடும் ஆயத்த உறைகளிலும் பக்கவாட்டில் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் இருக்கையில் ஏர்பேக் உண்டா என்பதைத் தெரிந்துகொள்ள, கதவுப் பக்க ஓரத்தில் ‘எஸ்ஆர்எஸ் ஏர்பேக்’ என்று சிறு துணிச்சீட்டோ எழுத்தோ இருக்கும். காஜாங்கில் உள்ள மிரோஸ் ஆய்வுக்கழகத்தோடு இணைந்து இயங்கும் ஆசியான் என்கேப், கார்களை மோதவிட்டு நட்சத்திரங்கள் வழங்குகிறது. அந்த நட்சத்திரங்கள் தொழிற்சாலையில் பூட்டிய இருக்கைக்கு உரியவை. நாம் பிறகு மாட்டும் உறைக்கு அல்ல.

இருக்கையைக் காரிலிருந்து எடுப்பது வெளியே பார்ப்பதற்கு எளிய வேலை. நான்கு போல்ட், அடியில் சில மின் இணைப்புகள், அவ்வளவுதான். அந்த இணைப்புகளில் மஞ்சள் நிறத்தில் இருப்பவை ஏர்பேக்குக்கும், சில கார்களில் வார்ப்பட்டையை இறுக்கும் கருவிக்கும் போகின்றன. இவற்றைத் தொடும்முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கார் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று என் படிவம் 5 மாணவர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. மோதலில் பேட்டரியே முதலில் நசுங்கிப்போகலாம். அப்போதும் பை விரிய வேண்டும். அதனால் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கிகள் சிறிதளவு மின்னாற்றலைச் சேமித்து வைத்திருக்கின்றன. அது வடிந்து தீரச் சில நிமிடங்கள் ஆகும். பாடப்புத்தகத்தில் மின்தேக்கியின் மின்னிறக்க வளைகோட்டை வரைந்த கைகள், இங்கே அதே வளைகோட்டுக்காகத்தான் காத்திருக்கின்றன. மல்டிமீட்டரை வைத்து ஏர்பேக் இணைப்பைச் சோதிக்கும் ஆசையும் வேண்டாம். மீட்டரே ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்தித்தான் தடையை அளக்கிறது.

பயணி இருக்கையில் இன்னொன்றும் உண்டு. நுரைக்கும் உறைக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கலாம். யாரேனும் உட்கார்ந்தால் அதன் இரு கடத்திப் படலங்கள் தொட்டுக்கொண்டு, வார்ப்பட்டை போடச் சொல்லும் விளக்கை எரிய வைக்கும். அதை மடித்துவிட்டால் விளக்கு ஓயாமல் எரியும், அல்லது எரியவே எரியாது.

தோல் என்று நாம் சொல்வதெல்லாம் தோல்தானா என்பது வேறு விஷயம். உறையைப் புரட்டும்போது வெட்டு ஓரத்தைப் பாருங்கள். உண்மைத் தோலில் நார்கள் பின்னிக் கிடக்கும். பிவிசி, பியூ வகைகளின் அடியில் பின்னல் துணி தெரியும். விலங்குத் தோலின் கொலாஜன் நார்கள் பதனிடாத நிலையில், ஈரத்தோடு சூடாக்கினால் ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் சுருங்கிவிடும். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் 100 டிகிரி வரை தாங்கும். நம் நண்பகல் வெயிலில் மூடிக்கிடக்கும் காரின் இருக்கை 60 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால் இது சும்மா படித்துவைக்கும் எண் அல்ல. அதே சூட்டில் துணி இருக்கை அவ்வளவாகச் சுடாது. துணியின் இழைகள் காற்றைப் பிடித்து வைத்து நம் தோலைச் சில புள்ளிகளில்தான் தொடுகின்றன. தோல் உறை முழுவதுமாக ஒட்டிக்கொள்கிறது.

மாட்டுவதற்கு முன் உறையை வெயிலில் அரை மணி நேரம் காயவிட்டால் இளகிக் கொடுக்கும். நுரையின்மேல் பிளாஸ்டிக் பையைப் போர்த்தினால் உராய்வு குறைந்து உறை வழுக்கிக்கொண்டு இறங்கும். நடுப்பள்ளத்தில் தொடங்கி ஓரத்துக்கு வளையம் போட வேண்டும்; ஓரத்தில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து சேரும்.

அன்று கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. உட்காரும் மெத்தைக்குள் ஏர்பேக் இல்லாததால், வாங்கி வந்த தோலை அங்கே மட்டும் மாட்டினோம். முதுகுச் சாய்வுக்குப் பழைய துணி உறையே திரும்பப் போனது. மஞ்சள் இணைப்புகளை எல்லாம் பூட்டிய பிறகே பேட்டரியை இணைத்தோம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைந்தது. அணையாமல் நின்றிருந்தால் ஏதோ ஓர் இணைப்பு சரியாக உட்காரவில்லை என்று பொருள். இப்போது காரில் கீழே கறுப்புத் தோல், முதுகில் சாம்பல் துணி. மைத்துனர் இன்னும் ஹாஃப்கட் கடைகளில் தேடிக்கொண்டுதான் இருக்கிறார், வெள்ளைப் பட்டை உள்ள ஒரு ஜோடியை.