குளமும் தொட்டியும்

மீன் வளர்ப்பு என்றதும் நம் நினைவு மீனிடம் செல்கிறது. உண்மையில் அது தண்ணீரைப் பேணும் தொழில். ஆடு மேய்வது புல்வெளியில். அது மூச்சு வாங்குவது வெளிக்காற்றை. அதன் கழிவு விழுவது மண்ணில். மீனுக்கோ இவை மூன்றும் ஒரே தண்ணீருக்குள் நடைபெற வேண்டும். அந்தத் தண்ணீர் கெட்டுவிட்டால் மீன் தப்பிச் செல்ல வேறிடம் இல்லை. ஆகையால், மீனைப் பற்றிப் பேச வந்த நான் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியே பேசப் போகிறேன்.

முதலில் பிராணவாயுவை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. சென்னை போன்ற வெப்பமான ஊரில், ஒரு லிட்டர் நன்னீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கக்கூடியது ஏழரை மில்லிகிராம் அளவே. காற்றில் இருப்பதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். இந்தச் சொற்ப முதலை வைத்துக்கொண்டுதான் மீன் குடித்தனம் நடத்துகிறது.

அந்தக் குடித்தனத்துக்கு நம் ஊர்க் குளம் எவ்வாறு உதவுகிறது? ஏரி குளங்களை மீன்பாசிக் குத்தகைக்கு விடும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டு. குத்தகை எடுத்தவர் குஞ்சுகளை விடுவார். தண்ணீர் வற்றும் காலத்தில் மீனைப் பிடிப்பார். இடைப்பட்ட நாளெல்லாம் அவருக்காக உழைப்பது சூரியன். வெயிலின் துணையால் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் நீரில் பெருகுகின்றன. குளம் பச்சை நிறம் கொள்கிறது. அப்பாசிகள் பகலில் பிராணவாயுவை வெளியிடுகின்றன. மீனின் கழிவை எருவாக உறிஞ்சிக்கொள்கின்றன. சிறு உயிர்களுக்கும் மீனுக்கும் உணவாகின்றன. அடிச்சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் எஞ்சியவற்றை மக்கச் செய்கின்றன. சமையல், காற்றோட்டம், துப்புரவு ஆகிய மூன்றையும் குளம் கூலியின்றிச் செய்துவிடுகிறது.

இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்தவே கூட்டுமீன் வளர்ப்பு முறை வகுக்கப்பட்டது. கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடித்தளத்தில் மேயும். மூன்றையும் ஒரே குளத்தில் விட்டால் ஒன்றன் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. 1971-ஆம் ஆண்டு தொடங்கிய அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் இம்முறையை நாடெங்கும் சோதித்துப் பரப்பியது. நன்கு பேணப்படும் குளத்தில் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு மூன்று நான்கு டன் மீன் எடுக்கலாம்.

இந்த மீன்கள் கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளைச் சேர்ந்தவை. தேங்கிய நீரில் இவை முட்டையிடுவதில்லை. ஆகவே வெள்ளக் காலத்தில் ஆற்றிலிருந்து குஞ்சுகளை அள்ளி வரவேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-ஆம் நாள், ஒடிசாவிலுள்ள அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி கெண்டை இன மீனுக்கு மற்றொரு மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி முட்டையிடச் செய்தார். அந்த நாளையே தேசிய மீன் வளர்ப்போர் தினமாக இன்றும் கொண்டாடுகிறோம்.

எனினும், குளம் குறையற்றதன்று. இரவில் வெயில் இல்லை. பகலில் பிராணவாயுவைத் தந்த அதே பாசிகள் இரவில் மீனோடு போட்டியிட்டு அதை உட்கொள்கின்றன. எனவே விடியற்காலையில்தான் குளத்தில் பிராணவாயு மிகக் குறைவு. மூட்டமான நாட்கள் தொடர்ந்து வந்தால், வைகறையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறும்.

மற்றொரு குறை அண்டை அயலாரைப் பற்றியது. கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது, உப்புநீரும் கழிவும் பக்கத்து வயல்களையும் குடிநீரையும் கெடுத்தன என்று நாகப்பட்டினம் பகுதியில் மக்கள் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-இல் கடுமையான தீர்ப்பை வழங்கியது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வந்தது. பண்ணையிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது என்பதே அந்த வழக்கின் படிப்பினை.

நீரை வெளியேற்றாமலே திரும்பத் திரும்பப் பயன்படுத்த இயலாதா? இயலும். அதுதான் சுழல்நீர்த் தொட்டி முறை. தொட்டியிலிருந்து வரும் நீர் முதலில் ஒரு சல்லடையைக் கடக்கிறது. திடக்கழிவு அங்கே பிரிகிறது. ஆனால் கரைந்து நிற்கும் அம்மோனியாவைச் சல்லடை பிடிக்காது. மீன் ஒரு கிலோ தீவனத்தை உண்டால் சுமார் 30 கிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக நீரில் சேர்கிறது. ஒரு கன மீட்டர் நீரில் சில கிராம் சேர்ந்தாலே மீனுக்குக் கேடு.

இங்கே நமக்குக் கைகொடுப்பவை, 1890-ஆம் ஆண்டளவில் ரஷ்ய விஞ்ஞானி வினொகிராட்ஸ்கி ஆராய்ந்து விளக்கிய பாக்டீரியாக்கள். ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை, அதைப் பெரிதும் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும். இவை படிந்து வாழ ஆயிரக்கணக்கான சிறு பிளாஸ்டிக் துண்டுகளை வடிகலத்தில் இட்டு வைக்கிறார்கள். இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு முதல் நாளே மீனை நிரப்பியவர் நஷ்டமடைவார். பின்னர், நீரிலுள்ள கரியமிலவாயுவை நீக்கி, பிராணவாயுவைக் கரைத்து, மீண்டும் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். நாள்தோறும் புதிதாகச் சேர்க்கும் நீர் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதன் வலிமையையும் பலவீனத்தையும் ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்தில் 15,000 கன மீட்டர் நீர் இருக்கும். நான்கு டன் மீன் என்றால், கன மீட்டருக்குச் சுமார் 270 கிராம். சுழல்நீர்த் தொட்டியிலோ அதே கன மீட்டரில் 30 கிலோ மீனை வைக்கலாம். நூறு மடங்குக்கும் மேல்!

நான் வசிக்கும் கிண்டியில் நின்று இதைச் சிந்தித்துப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, நகரம் தண்ணீர் லாரிகளுக்காகக் காத்திருந்தது. நிலமும் நீரும் இவ்வளவு அருமையான நகரத்தில் தொட்டி முறை பெரும் வரமாகத் தோன்றும். ஆனால் கணக்கின் மறுபாதியையும் போடுவோம். ஒரு கிலோ மீன் மணிக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் பிராணவாயுவைச் செலவிடும். 30 கிலோ மீனுக்கு 9 கிராம். அந்தக் கன மீட்டர் நீரில் இருப்பிலுள்ளதோ 7 கிராம். மின்சாரம் நின்றால் அரை மணி நேரத்துக்குள் மீன் திணறத் தொடங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலிலும் சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை நாம் மறக்கலாகாது. ஜெனரேட்டரும் பிராணவாயு உருளையும் இல்லாத தொட்டிப் பண்ணை நீடிக்காது.

ஆக, குளத்தில் சூரியன் இலவசமாகச் செய்யும் வேலையைத் தொட்டியில் நாம் மின்கட்டணம் செலுத்திச் செய்விக்கிறோம். இச்செலவைத் தாங்குவது விலை மிகுந்த மீனே. கிண்டிக்கு அருகே, ராஜா அண்ணாமலைபுரத்தில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1987-இல் அமைக்கப்பெற்ற அந்நிலையம், 1997-இல் கொடுவா மீனை வளர்ப்பிடத்திலேயே இனப்பெருக்கம் செய்வித்தது. கொடுவா விநோதமான மீன். முதலில் ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாக மாறும். பெரிய குஞ்சு சிறிய குஞ்சை விழுங்கும். இத்தகைய விலையுயர்ந்த மீனுக்குத் தொட்டி பொருந்தலாம். ஏழை வீட்டுக் குழம்புக்கான மலிவான கெண்டைக்குக் குளமே பொருந்தும். 2020-இல் தொடங்கிய மத்ஸ்ய சம்பதா திட்டம் சுழல்நீர்த் தொட்டிகளுக்கும் மானியம் வழங்கியது. மானியம் தொட்டியைக் கட்ட உதவும்; மாதந்தோறும் வரும் மின்கட்டணத்தை மீன் விற்ற பணமே தாங்க வேண்டும்.

இத்தொழிலுக்கு விலங்கியல் கற்றவரும் வேண்டும். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பம்புகளைப் பற்றிப் படிப்பவரும் வேண்டும். ஒருவர் அறிவு மற்றவருக்கு எட்டாதபோதுதான் தொட்டியில் மீன் சாகிறது. நீங்கள் எதைப் படித்தாலும், ஒருநாள் வெயில் ஏறுமுன் உங்கள் ஊர்க் குளக்கரைக்குச் சென்று மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றனவா என்று கவனியுங்கள். அதே இடத்தை நடுப்பகலிலும் பாருங்கள். நான் சொன்னவற்றுள் பாதியைக் குளமே உங்களுக்கு விளக்கிவிடும்.