காலரா கிருமியின் வேட்டை

காலரா கிருமிக்கு மனிதக் குடல் மட்டுமே இருப்பிடம் அல்ல. கழிமுகங்களிலும் கடலோர நீரிலும் நண்டு, இறால், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு மிதவை உயிரிகள் ஆகியவற்றின் ஓட்டில் ஒட்டிக்கொண்டும் அது வாழ்கிறது. அந்த ஓட்டில் உள்ள பொருள் கைட்டின். அதன் மேல் கிருமிக் கூட்டம் பெருகியதும் வேட்டை தொடங்கிவிடுகிறது.

கிருமி தன் உடலுக்குள் ஈட்டி போன்ற ஒரு குழலைக் கட்டி, உரசிக்கொண்டிருக்கும் வேற்று பாக்டீரியாவுக்குள் சட்டென்று பாய்ச்சுகிறது. அதில் நச்சுப் புரதங்கள் இருக்கின்றன. ஒரே வகையைச் சேர்ந்த கிருமிகளிடம் அந்த நஞ்சை முறிக்கும் புரதமும் உண்டு, அவை தப்பிவிடும். வேற்று பாக்டீரியாவோ உடைந்து, அதன் டி.என்.ஏ. வெளியே கொட்டுகிறது.

உடனே, கொன்ற கிருமியிலிருந்து தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய இழை ஒன்று நீள்கிறது. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு சுருங்கி, உள்ளே இழுக்கிறது. இந்தக் காட்சியை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் நுண்ணோக்கியில் நேரடியாகவே படம்பிடித்தார்கள். பார்க்கப் பார்க்க வியப்பு அடங்காத படம் அது.

கொல்வதும் மரபணுவை எடுத்துக்கொள்வதும் ஒரே கட்டுப்பாட்டுப் புரதத்தின் ஆணைக்கு இயங்குகின்றன என்று 2015-இல் கண்டறிந்தவர்கள், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் மெலனி பிளோகெஷ் தலைமையில் இயங்கும் குழுவினர். செத்த பாக்டீரியாவிடம் இருந்த மருந்து எதிர்ப்பு மரபணு, கொன்ற கிருமியிடம் போய்ச் சேர்வதையும் அவர்கள் ஆய்வகத்தில் காட்டினார்கள்.